கார்பெட்டுக்கு அடியில்

கேப்டன் அந்தக் கறுப்புக் காரை எங்கள் தெருவுக்குள் ஓட்டி வந்த புதன்கிழமை மத்தியானம், நான் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். தெருவின் அகலத்தில் முக்கால்வாசியை அது ஒன்றே எடுத்துக்கொண்டது. சத்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை, டயருக்கு அடியில் மண் நொறுங்குவதுதான் கேட்டது. எதிரே சைக்கிளில் வந்த தண்ணீர் கேன்காரர் இறங்கி, சுவரோடு சுவராக நின்று வழிவிட்டார். கேப்டன் கண்ணாடியை இறக்கி அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

கேப்டன் ராணுவத்திலும் இருந்ததில்லை, கப்பலிலும் இருந்ததில்லை. பெரிய ஓட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் கார் ஓட்டியவர். அவர்கள் மாட்டிவிட்ட வெள்ளைத் தொப்பியால் வந்த பெயர் அது. ஓட்டல் கைமாறியபோது புதிய முதலாளிகள் டிரைவர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தமாகப் பெரிய வண்டி வைத்திருந்தால் விருந்தாளிகளை ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் அலைந்து, கடைசியில் ஒரு புரோக்கர் மூலம் இந்த வண்டியைப் பிடித்துவிட்டார். புதிதாக இருந்தபோது மந்திரிகளும் மருத்துவமனை முதலாளிகளும் போயிருக்கக்கூடிய வண்டி. பிறந்து பதினான்கு வருடம்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அதே ஓட்டலின் படுக்கை விரிப்புகளை வாங்கி வந்து வீட்டிலேயே இஸ்திரி போட்டுக் கொடுப்பாள். முன் அறை முழுக்க மேஜைதான். அன்று நீராவியும் வியர்வையுமாக வெளியே வந்தவள், நேராக ஸ்டியரிங்குக்குப் பின்னால் தலையை நுழைத்து மீட்டரைப் பார்த்தாள்.

"மூணு லட்சத்துப் பன்னெண்டாயிரமா? இது காரா, ரயிலா?"

"ஓடின வண்டிதான் நல்ல வண்டி. சும்மா நின்னதுதான் கெட்டுப்போகும். மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய், இன்ஜின்ல காத வச்சுக் கேட்டுட்டுத்தான் வாங்கினேன்."

"என்னையும் அப்படிக் காது வச்சுக் கேட்டுத்தான் கட்டினீங்களோ?"

"உன்னப் பாக்க வந்தப்ப சத்தமே கேக்கலியே. கல்யாணத்துக்கப்புறம்தான ஸ்டார்ட் ஆச்சு."

தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூரையை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

அன்று அங்கே இல்லாதவன் அவள் தம்பி டிங்கர். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்திப் பற்றவைப்பதுதான் அவன் தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை, அதற்கு மேலேயே படுக்கை, மூன்று வேளையும் அக்கா கையால் சாப்பாடு. அவன் நிமிர்த்திய கதவை வெயிலில் வைத்துப் பார்த்தாலும் அடிபட்ட இடம் தெரியாது. பஸ் கூடு கட்டும் வேலைக்காக வெளியூர் போயிருந்தவன், பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, வண்டியை ஒரு சுற்று சுற்றி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான்.

"முழுக்கப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க மாமா."

"பழசுன்னா அடிக்கத்தான் செய்வாங்க மாப்ள."

"ஆமா, அடிப்பாங்க" என்றான். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு நாலு மாதம் கேப்டன் அந்தக் காருக்குச் செய்த பணிவிடையை வேறு யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை. நான் வேலை செய்வது உதிரிபாகக் கடையில். வாரத்துக்கு ஒருமுறை கைக்குட்டையில் எதையாவது சுற்றிக்கொண்டு வந்து கவுண்டரில் பிரிப்பார். வெடித்த ரப்பர் குழாய், நாக்கு உடைந்த சுவிட்ச், தண்ணீர் பம்பின் பல். புதிதாக வரவழைத்தால் கைக்கு எட்டாது. பழைய மார்க்கெட்டில் கழற்றியதைத் தேடித் தருவேன். அந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பைகள்தான். அவற்றில் எங்கோ கசிவு. காலையில் பார்த்தால் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சாவியைத் திருகினால் பெருமூச்சு விட்டு, முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சமாக எழுந்திருக்கும். கேப்டன் அதுவரை பக்கத்தில் நின்று, "எழுந்திருங்க, எழுந்திருங்க, நேரமாச்சு" என்பார்.

அவர் மகள் நர்சிங் கடைசி வருடம். இருபது வயதாகியும் வீட்டில் பாப்பாதான். காலையில் கல்லூரிக்குப் போகும்போது முன்சீட்டில் உட்காரமாட்டாள். பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "டிரைவர், பள்ளத்துல மெதுவா" என்பாள். "சரிங்க மேடம்" என்பார் கேப்டன்.

ஒரே ஒரு தொந்தரவு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. பின்பக்க இடது டயர் உள்புறமாகத் தேய்ந்துகொண்டே இருந்தது. மூன்று முறை அலைன்மென்ட் பார்த்தாயிற்று. கடைசி முறை நானும் கூடப் போயிருந்தேன். மிஷின்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"முன்னாடி சக்கரம் ரெண்டும் சரியா இருக்கு. பின்னாடியும் சரியா இருக்கு. ரெண்டையும் சேத்துப் பாத்தா தப்பா இருக்கு சார்."

"எங்க வீட்ல நானும் அவளும் மாதிரி" என்றார் கேப்டன். அன்றைக்கும் சிரித்தோம்.

பிறகு மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் அடித்ததில் காருக்குள் ஊறிய சாக்கு நாற்றம். ஓட்டல் விருந்தாளி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலை வானம் வெளுத்ததும் டிங்கர் கதவுகள் நான்கையும் திறந்து வைத்து, சீட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். பதினோரு மணிக்குக் கேப்டனுக்கு வாடகை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்ணையும் பிறந்து மூன்று நாளான குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அதனால் அவர் குளிக்கப் போய்விட்டார். நான் போல்ட்டுகளை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

கார்பெட்டை உரித்தெடுத்தோம். அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. டிங்கர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட்டின் ஓரத்தை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். ஒரு முழ அகலத்துக்கு அது பெயர்ந்து வந்தது. இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை, தரையின் குறுக்கே நீளமாக ஒரு தையல். பற்றவைத்த தையல். அதன் மேல் உள்ளங்கை அகலத்தில் வரிசையாக இரும்புப் பட்டைகள். ஒன்றிரண்டு துரு தின்று சல்லடையாகியிருந்தன.

டிங்கர் கட்டை விரலால் ஒரு பட்டையைத் தேய்த்தான். தாருக்கு அடியில் மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது. இன்னும் தேய்த்தான். மஞ்சள் மேல் சிவப்பில் வளைந்து ஒரு கோடு.

"எழுத்து மாதிரி இருக்கே" என்றேன். "'ரி'யா?"

"பேக்கரி போர்டுண்ணே" என்றான்.

சொன்னவுடன் வாயை மூடிக்கொண்டான். எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. கார்த் தரைக்கு அடியில் இருக்கும் தகரம் பேக்கரி போர்டு என்று இவனுக்கு எப்படித் தெரியும்? திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்து, கண் அந்தத் தகரத்திலேயே குத்திட்டு நின்றது.

"எந்தப் பேக்கரிடா?"

தார் ஷீட்டைப் பழையபடி அழுத்தினான். ஈரம் காயாத கார்பெட்டை விரித்தான். சீட்டைத் தூக்கி வைத்தான். பத்து வயதிலிருந்து ஸ்பானர் பிடித்தவன், போல்ட்டைத் துளையில் வைக்கத் தெரியாமல் தடவினான். இரண்டு கீழே விழுந்தன. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஏன் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

கேப்டன் வெள்ளைச் சட்டையில் பவுடர் வாசனையோடு வந்தார்.

"ஆச்சா மாப்ள?"

"ஆச்சு மாமா."

பாப்பா பையோடு ஓடிவந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். "அப்பா, போற வழியில என்ன லைப்ரரில விட்டுடுங்க." அந்தக் கதவு எப்போதும் ஒரு தடவையில் சாத்தாது. இரண்டாம் தடவை ஓங்கிச் சாத்தினாள். வண்டி பெருமூச்சு விட்டு எழுந்தது. கேப்டன் கியரைப் போட்டார்.

அப்போதுதான் டிங்கர் ஓடிப்போய் பானெட் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"இறங்குங்க."

"என்னடா விளையாட்டு? குழந்தைய வச்சுக்கிட்டு அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

"பாப்பா, நீ முதல்ல இறங்கு. இறங்கும்மா!"

அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பாப்பா இறங்கினாள். கேப்டனும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்தாள்.

"மாமா, இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு வண்டி."

"என்ன உளர்றே?"

"பின்னாடி அடிபட்ட வண்டியோட முன் பாதி. முன்னாடி அடிபட்ட இன்னொரு வண்டியோட பின் பாதி. நடுவுல வெட்டி ஒட்டியிருக்கு. ஒட்டு துருப்பிடிச்சுப் போச்சு. வேகமாப் போறப்ப ஒரு இடி பட்டா ரெண்டாப் பிச்சுக்கும். பின்னாடி உக்காந்திருக்கறவங்க..."

கேப்டன் பின்கதவைத் திறந்தார். சீட்டைச் சரியாக முடுக்கியிருக்கவில்லை, இழுத்ததும் வந்தது. கார்பெட்டைப் புரட்டினார். வெகு நேரம் குனிந்தபடியே இருந்தார். வெள்ளைச் சட்டையின் முழங்கையில் தார் ஒட்டிக்கொண்டது. பிறகு வெளியே வந்து, ஈரத் தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அந்த மூணு லட்சம்... அது எந்தப் பாதி ஓடினது?"

"முன் பாதி மாமா."

"பின் பாதி?"

"தெரியாது."

"பழைய வண்டி வாங்கறப்ப யார் யார எல்லாம் சந்தேகப்படணுமோ எல்லாரையும் சந்தேகப்பட்டேனே" என்றார் கேப்டன். "படுபாவி, எவன்டா செஞ்சது இத?"

டிங்கர் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். "நான்தான் மாமா."

கேப்டன் நிமிர்ந்து பார்த்தார். காதில் விழாதது மாதிரி பார்த்தார். அக்கா படியிறங்கி வந்தாள்.

"என்ன சொன்னே?"

"ஆறு வருஷம் முன்னாடிக்கா. ஊருக்கு வெளியில ஒரு பழைய வண்டி யார்டுல வேலை பாத்தேனே. இடிச்ச பேக்கரியோட போர்டு அங்க கிடந்துது. அத வெட்டித்தான் பட்டை போட்டேன். அப்ப முன் பாதி சாம்பல், பின் பாதி நீலம். கறுப்பு அடிச்சதனால எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியலக்கா."

"எதுக்குன்னு சொல்லி ஒட்டச் சொன்னாங்க?"

"கண்காட்சியில வைக்கன்னு சொன்னாங்க. ஓட்டறதுக்கு இல்லன்னாங்க."

"நீ நம்பினியா?"

அவன் நகத்தில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டினான்.

"உன்னத்தான் கேக்கறேன். நம்பினியா?"

"கண்காட்சியில வைக்கற வண்டிக்கு யாருக்கா தார் ஷீட் ஒட்டி மறைக்கச் சொல்வாங்க" என்றான். "நம்பல. நம்பறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

உள்ளேயிருந்து கருகல் நாற்றம் வந்தது. இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் திரும்பக்கூட இல்லை. நான் உள்ளே ஓடி ஒயரைப் பிடுங்கினேன். ஓட்டலின் வெள்ளை விரிப்பில் பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்து, நடுவில் ஓட்டையாகியிருந்தது. நான் வெளியே வந்தபோது பாப்பா பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

"மாமா, இத வேற யாராவது வாங்கியிருந்து, பின்சீட்டுல வேற வீட்டுப் பொண்ணு உக்காந்திருந்தா, கார்பெட்ட மூடிட்டு அனுப்பியிருப்பீங்க இல்ல?"

"உன்னையே வச்சு மூடிட்டேனே பாப்பா" என்றான் டிங்கர். "அப்பா கேட்டப்ப ஆச்சுன்னு சொன்னேனே. நீ கதவச் சாத்தற வரைக்கும் வாயத் திறக்கலியே."

நாலு மாதம், தினமும் காலையில், அந்தத் தையலின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். அது இப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்தாள், தலையைத் தடவினாள், முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். விழுந்த குழந்தைக்கு எங்கே அடி என்று தேடுவது போல.

ஆஸ்பத்திரிக்குப் பழைய ஓட்டல் டிரைவர் ஒருவரைப் போகச் சொல்லிவிட்டு, கேப்டன் புரோக்கருக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். புரோக்கர் மறுக்கவே இல்லை. திடுக்கிடக்கூட இல்லை.

"சார், எதுக்குச் சத்தம்? வண்டியக் கொண்டாந்து விடுங்க. அதே மாதிரி வேற வண்டி தர்றேன், இதவிட நல்ல வண்டி. போதுமா?"

"இத என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கு ஆள் ரெடியா இருக்கு சார். பெரிய குடும்பம், பெரிய வண்டிதான் வேணுமாம். அத நான் பாத்துக்கறேன். நீங்க கார்பெட்ட மட்டும் நல்லாக் காயவச்சுக் கொண்டாங்க."

கேப்டன் போனை அணைத்தார். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய மனிதர். எழுந்து போய், நான்கு டயர்களிலும் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டார். "இங்கேருந்து இது நகரக்கூடாது" என்றார்.

அக்காதான் கேட்டாள். "இது ஒண்ணுதானா?"

டிங்கர் தரையைப் பார்த்தான்.

"யார்டுல எட்டு மாசம் இருந்தே. இது ஒண்ணுதானாடா?"

"நாலு."

"நாலா!" அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "மத்த மூணும் எங்க?"

"ஓடிக்கிட்டிருக்கும்."

சாயங்காலம் வரை அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் வீட்டிலிருந்து ரொட்டியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தேன். யாரும் தொடவில்லை. பிறகு அக்கா ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவன் எதிரே வைத்துவிட்டு நின்றாள். "நாளைக்குக் காலைல போக்குவரத்து ஆபீஸுக்குப் போறோம். எழுதிக் குடுக்கற. நானும் வர்றேன்" என்றாள்.

"ஜெயில்ல போடுவாங்கக்கா."

"போடட்டும். சாப்பாடு கொண்டுவர்றேன். சாப்பிடு."

திங்கட்கிழமை கேப்டன், அக்கா, டிங்கர், நான் என்று நான்கு பேரும் பஸ்ஸில் போனோம். அவனுக்குக் கையெழுத்துக் கோணல் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பாப்பாவைக் கல்லூரிக்குப் போகச் சொல்லியும் போகவில்லை, வீட்டு வாசலில் காரைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபீஸில் முன் வரிசை மேஜையில் உட்கார்ந்திருந்த அதிகாரி அம்மா முதலில் எங்களை லைசென்ஸ் புதுப்பிக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். பக்கத்து மேஜைக்காரர் முத்திரை குத்துவதை நிறுத்தினார்.

"தம்பி, இதுல கையெழுத்துப் போட்டா முதல் கேஸ் உங்க மேலதான் வரும். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்த தாளை நீட்டினேன். அவர் மெல்லிய குரலில் படித்தார். யார்டு இருக்கும் இடம், வருடம், யார் சொல்லி என்பதெல்லாம் இருந்தது. "மேற்படி முறையில் நான் ஒட்டிக் கொடுத்த வண்டிகள் மொத்தம் நான்கு" என்ற வரிக்கு வந்தபோது டிங்கர் என் கையைத் தொட்டான்.

"அண்ணே, அத அடிச்சிடுங்க."

"எத?"

"நாலு இல்ல." அவன் அக்காவைப் பார்க்கவில்லை. "பதினொண்ணு."

கேப்டன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். முந்தின நாள் எல்லாவற்றையும் தாங்கிய அக்காவின் வாய் திறந்தது, மூடவில்லை. அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்துத் தம்பிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அதிகாரி அம்மாவிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி என் முன்னால் வைத்தாள்.

"ஒவ்வொண்ணாச் சொல்லு. என்ன கலர், எந்த மாசம், எந்த இடத்துல ஒட்டினே. ஒண்ணையும் விடாத. இவர் எழுதிக்கட்டும். ஆபீஸ்ல இன்னிக்கே தேட ஆரம்பிக்கட்டும்."

டிங்கர் கண்ணை மூடிக்கொண்டான். நான் தாளின் மேலே ஒன்று என்று எண் போட்டேன்.

"முதல் வண்டி வெள்ளை" என்றான். "மார்ச் மாசம். முன்சீட்டுக்குப் பின்னாடி ஒட்டு. பெயிண்ட் காயறதுக்குள்ள வாங்கறவங்க யார்டுக்கே வந்துட்டாங்க. ஒரு அம்மா, கூட ரெண்டு சின்னப் பிள்ளைங்க. வெயில் அதிகமா இருந்துது. குடிக்கத் தண்ணி கேட்டாங்க."

அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்க்கா மோந்து குடுத்தேன்."